செலவிட்ட காலமே பொருளாக: செவ்வியல் ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் நிலைத்த ஈர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

1986 முதல் 1997 வரை ஜப்பானில் வெளிவந்த பாத்திரமேற்புக் காணொளி விளையாட்டுகள் பல இன்றும் விரும்பி ஆடப்படுகின்றன. இவ்வீர்ப்புக்கு இளமைக்கால நினைவேக்கமே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அவ்விளக்கம் போதாது என இக்கட்டுரை வாதிடுகிறது. ஆடுநர் செலவிடும் காலத்தைக் கதையின் பொருளாக மாற்றும் வடிவ உத்தியே இவற்றின் நிலைபேற்றுக்கு அடிப்படை என்பதை 'டிராகன் குவெஸ்ட்' (1986), 'டிராகன் குவெஸ்ட் 5' (1992), 'ஃபைனல் ஃபேன்டசி 6' (1994), 'குரோனோ டிரிகர்' (1995), 'ஃபைனல் ஃபேன்டசி 7' (1997) ஆகிய ஐந்து படைப்புகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. மறுபதிப்புகள் அக்காலத்தைச் சுருக்கும்போது மூலத்தின் பொருள் என்னவாகிறது என்னும் வினாவும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, ஆடுநர், காலம், இழப்பு, நினைவேக்கம், மறுபதிப்பு, பாட வேறுபாடு

முன்னுரை

2021 ஜூலை 23 அன்று டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் தொடக்க விழாவில், நாடுகளின் அணிவகுப்புக்குக் காணொளி விளையாட்டுகளின் இசை பின்னணியாக ஒலித்தது. அவ்வணிவகுப்பைத் தொடங்கி வைத்தது 'டிராகன் குவெஸ்ட்' தொடரின் முகப்பிசை. 'ஃபைனல் ஃபேன்டசி', 'குரோனோ டிரிகர்' ஆகியவற்றின் இசையும் அதில் இடம்பெற்றது. 1988இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் 3', 36 ஆண்டுகளுக்குப் பின் 2024இல் புதிய தோற்றத்தில் மீண்டும் வெளியிடப்பட்டது. சிறுவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு வடிவம் ஒரு நாட்டின் பண்பாட்டு அடையாளங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டுவிட்டது என்பதை இவை காட்டுகின்றன.

இந்நிலைபேற்றுக்குச் சொல்லப்படும் எளிய விடை நினைவேக்கம். சிறுவயதில் ஆடியவர்கள் நடுவயதில் அதே இன்பத்தைத் தேடுகின்றனர் என்பது அவ்விடை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, இவ்விளையாட்டுகள் வெளிவந்த பின்னர்ப் பிறந்தவர்களும் இவற்றை விரும்பி ஆடுகின்றனர். இல்லாத நினைவுக்கு ஏக்கம் எழாது. இரண்டாவது, அதே ஆண்டுகளில் வெளிவந்து அன்று பெரிதும் விற்ற பிற விளையாட்டுகள் பல இன்று பெயரளவிலேயே நினைக்கப்படுகின்றன. நினைவேக்கம் ஆடுநரின் மனநிலையை விளக்கும். ஒரு படைப்பு நிற்பதற்கும் மற்றொன்று மறைவதற்குமான காரணத்தை அது விளக்காது. அக்காரணத்தைப் படைப்பின் அமைப்பிலேயே தேட வேண்டியுள்ளது.

'ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டு' என்னும் வகைப்பெயர் ஜப்பானுக்கு வெளியே வழங்கத் தொடங்கியது. அப்பெயரில் ஒருவகை ஒதுக்கல் தொனிப்பதாக 'ஃபைனல் ஃபேன்டசி' தொடரின் படைப்பாளர்களுள் ஒருவரான நவோகி யோஷிதா 2023இல் கருத்துரைத்தார். இக்கட்டுரை அப்பெயரை மதிப்பீடாகக் கொள்ளாமல், வரலாற்று எல்லையைச் சுட்டும் குறியீடாக மட்டுமே கொள்கிறது.

வடிவத்தின் தோற்றமும் வரம்புகளும்

பாத்திரமேற்பு விளையாட்டின் மூலம் அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு. அதன் விதிகளைக் கணினிக்குக் கொண்டுவந்த முயற்சிகளுள் 1981இல் வெளிவந்த 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகிய இரண்டும் தலையாயவை. விசைப்பலகையும் பொறுமையும் கொண்ட கணினி ஆர்வலருக்கென அமைந்த அவ்விளையாட்டுகளை, இரண்டே செயற்பொத்தான்கள் கொண்ட 'ஃபேமிகாம்' என்னும் வீட்டுக்கருவிக்கு ஏற்ப மாற்றியவர் யூஜி ஹோரி. இதழ் எழுத்தாளராகவும் பணியாற்றிய அவர் வடிவமைத்த 'டிராகன் குவெஸ்ட்' 1986 மே 27 அன்று வெளியானது. அகிரா தோரியாமா ஓவியத்தையும் கோயிச்சி சுகியாமா இசையையும் அமைத்தனர்.

அவ்விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட் அளவுள்ள ஒரு பேழைக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஓவியம், இசை, உரையாடல், நிலப்படம் அனைத்திற்கும் அதுவே இடம். கத்தகானா எழுத்துகள் அனைத்தையும் சேர்க்க இடமில்லாததால், சேர்த்த சில எழுத்துகளைக் கொண்டே அரக்கர்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் வைக்க நேர்ந்தது. இச்சுருக்கத்துள் ஹோரி எடுத்த முடிவுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. விளையாட்டு அரசனின் பூட்டிய அறைக்குள் தொடங்குகிறது. பேழையைத் திறத்தல், காவலரிடம் பேசுதல், சாவியால் கதவைத் திறத்தல் ஆகியவற்றைச் செய்யாமல் வெளியேற இயலாது. விளக்கக் கையேட்டின் வேலையை அந்த அறை செய்துவிடுகிறது. வெளியே வந்தவுடன் நீர்ப்பரப்பின் மறுகரையில் பகைவனின் கோட்டை தெரிகிறது. ஆடுநர் சென்றடைய வேண்டிய இடம் முதல் நிமிடத்திலேயே கண்ணுக்கு எட்டிவிடுகிறது. கால்களுக்கு எட்டப் பல மணி நேரம் ஆகிறது. கண்ணுக்கும் காலுக்கும் இடையிலான இத்தொலைவே விளையாட்டின் முழுக்கதை எனலாம்.

உழைப்பும் வளர்ச்சியும்

ஆடுநர் முயன்று உழைத்தாலன்றித் தன் பொருளைத் தராத பனுவல்களை எஸ்பன் ஆர்செத் 1997இல் தனி வகையாக வரையறுத்தார். அவ்வகைக்கு அவர் இட்ட பெயர் 'உழைப்பு', 'வழி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. இங்கு ஆராயப்படும் விளையாட்டுகளுக்கு அவ்விரு சொற்களும் நேர்ப்பொருளிலேயே பொருந்துகின்றன.

'டிராகன் குவெஸ்ட்' உலகில் வீரன் பகைவரை வெல்லுந்தோறும் அனுபவப் புள்ளிகள் சேர்கின்றன. குறித்த எண்ணிக்கையை எட்டியதும் அவன் நிலை உயர்கிறது. பாலத்தைக் கடந்தால் வலிமை மிக்க பகைவர் எதிர்ப்படுவர். நேற்று கடக்க முடியாத பாலம் இன்று கடக்கக்கூடியதாகிறது. இம்மாற்றத்திற்கு ஆடுநரின் கைத்திறன் காரணமன்று. அவர் செலவிட்ட நேரமே காரணம். விரைவான விரல்கள் வேண்டும் விளையாட்டுகளில் தோற்றவர் தோற்றவராகவே நிற்க, இங்கு விடாமுயற்சி உள்ள எவரும் இறுதியை அடைய முடிந்தது. இவ்வடிவம் ஜப்பானில் பெருந்திரளை ஈர்த்ததற்கு இந்தச் சமத்துவம் ஒரு முதன்மைக் காரணம் எனக் கருதலாம். 'டிராகன் குவெஸ்ட் 3' 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளியானபோது மாணவர்கள் பள்ளிக்குச் செல்லாமல் கடைவாயிலில் வரிசையில் நின்றது அன்றைய செய்தியானது.

தோல்வியை இவ்விளையாட்டு கையாளும் முறை இக்கருத்தை உறுதிசெய்கிறது. 'விசார்ட்ரி'யில் இறந்தவனை உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் அவன் சாம்பலாவான். மீண்டும் தவறினால் என்றென்றைக்கும் இல்லாமற் போவான். ஹோரியின் வீரன் இறந்தால் அரசன் முன் மீண்டும் எழுகிறான்; கையிருப்புப் பொன்னில் பாதி போகிறது, அனுபவப் புள்ளிகள் போவதில்லை. பொருளை இழக்கலாம், வாழ்ந்த காலத்தை இழக்க வேண்டியதில்லை என்பதே இதன் உட்பொருள். ஆனால் கருவி அக்காலத்தைத் தானே நினைவில் வைத்திருக்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தும்போது அரசன் சொல்லும் 20 எழுத்து 'மறுவாழ்வு மந்திரத்தை' ஆடுநர் குறிப்பேட்டில் எழுதி வைத்து, மறுமுறை பிழையின்றி உள்ளிட வேண்டும். அடுத்த பகுதியில் (1987) அது 52 எழுத்துகள் வரை நீண்டது. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பல மணி நேர உழைப்பு மீளாது. காலத்தின் மதிப்பை ஆடுநர் தம் கையெழுத்திலேயே காத்துவந்தார்.

இழப்பின் கணக்கு

சேர்த்த காலம் மதிப்புடையதாகிவிட்டால், அதைப் பறிப்பதும் பொருளுடையதாகிறது. தொண்ணூறுகளின் படைப்புகள் இவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தின.

'ஃபைனல் ஃபேன்டசி 7' விளையாட்டின் முதல் வட்டு முடியும் தறுவாயில் ஏரித் என்னும் பெண் செஃபிரோத்தின் வாளுக்கு இரையாகிறாள். காணொளி விளையாட்டு வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட காட்சிகளுள் இது ஒன்று. காட்சியின் உருக்கத்தை மட்டும் கொண்டு இதை விளக்க முயல்வோர் ஒன்றைத் தவறவிடுகின்றனர். ஏரித் கதைமாந்தர் மட்டுமல்லள். ஆடுநர் பயிற்றுவித்து வளர்த்த குழு உறுப்பினள். அவளுடைய உச்சத் திறனைக் கதையின் அப்பகுதிக்குள்ளேயே பெற வழியுண்டு. அதற்குக் கதைப்போக்கிலிருந்து விலகி அரிதின் முயல வேண்டும். அவ்வாறு பெற்றவரிடமிருந்தும் அவள் பறிக்கப்படுகிறாள். அத்தனை மணி நேர வளர்ப்பும் ஒரு கணத்தில் பயனற்றுப் போகிறது. துயரம் சொல்லில் வெளிப்படுவதற்கு முன்பே கணக்கில் வெளிப்பட்டுவிடுகிறது. அக்கொலையைத் தொடர்ந்து வரும் போரில் வழக்கமான போரிசை ஒலிப்பதில்லை. நோபுவோ உவெமாட்சு ஏரித்துக்கென அமைத்த இசையே தொடர்கிறது. ஆடுநர் பழகிய கட்டளைகளை இடுகிறார், அவள் இடம் வெறுமையாக உள்ளது.

போரில் வீழ்ந்தவரை எழுப்பும் ஃபீனிக்ஸ் இறகு கையில் இருக்க, அவளை ஏன் எழுப்பக்கூடாது என்னும் வினா பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. ஜப்பானிய மூலத்தில் போரில் வீழ்ந்தோரின் நிலை 'இறப்பு' எனக் குறிக்கப்படவில்லை. 'போரிட இயலாமை' என்றே குறிக்கப்படுகிறது. எனவே விதிக்கும் கதைக்கும் இடையே முரண் இல்லை. எனினும் அவளை உயிர்ப்பிக்கும் மறைவழி உண்டு என்னும் வதந்தி நெடுங்காலம் உலவியது குறிப்பிடத்தக்கது. செலவிட்ட காலத்துக்கு ஈடு கிடைத்தே தீரும் என்று இவ்வடிவம் ஆடுநர்க்குக் கற்பித்திருந்த நம்பிக்கையின் வெளிப்பாடு அது. அந்நம்பிக்கையை முறித்ததே இக்காட்சியின் வன்மை.

'டிராகன் குவெஸ்ட் 5' இதே உத்தியை ஐந்தாண்டுகளுக்கு முன்பே வேறுவகையில் கையாண்டது. கதைத்தலைவன் சிறுவனாகத் தந்தை பாபாஸுடன் பயணம் செய்கிறான். தந்தை தம் விருப்பப்படி போரிடுகிறார். ஆடுநரின் கட்டளைக்கு அவர் உட்பட்டவரல்லர். போர் முடிந்தபின் மகனின் காயத்தைக் கேளாமலே ஆற்றுகிறார். காக்கப்படும் நிலை என்பது என்ன என்பதை ஆடுநர் போர்விதிகளின் வழியாகவே உணர்கிறார். பின்னர்ப் பகைவன் மகனைப் பணயமாகப் பிடிக்க, பாபாஸ் எதிர்த்துத் தாக்காமல் அடிகளை ஏற்று மடிகிறார். அதுவும் வழக்கமான போர்த்திரையிலேயே நிகழ்கிறது. ஆடுநர்க்கு இடுவதற்குக் கட்டளை ஏதும் இல்லை. அடுத்துப் பத்தாண்டு அடிமை வாழ்வு சில வரிகளில் கடந்துபோகிறது. பிற்பகுதியில் தலைவன் கல்லாக்கப்பட்டு, ஒரு செல்வர் வீட்டு முற்றத்தில் எட்டாண்டுகள் சிலையாக நிற்கிறான். பருவங்கள் மாறுகின்றன, அவ்வீட்டுக் குழந்தை வளர்கிறது, ஆடுநர் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிகிறது. காலத்தைச் செலவிட்டு வலிமை பெறும் வடிவத்தில், காலம் வீணே கழிவதைக் காண வைப்பது கொடிய தண்டனை. இறுதியில், இத்தனையும் தாங்கிய தலைவன் புராணம் சொல்லும் வீரன் அல்லன் என்பதும் அவன் மகனே அவ்வீரன் என்பதும் வெளிப்படுகின்றன.

தேடலின் விருப்பு

'ஃபைனல் ஃபேன்டசி 6' கதையின் நடுவிலேயே உலகம் அழிந்துவிடுகிறது. குழு சிதறுகிறது. ஓராண்டுக்குப் பின் ஆளில்லாத தீவொன்றில் செலெஸ் கண்விழிக்கிறாள். உடனிருப்பவர் நோயுற்ற முதியவர் சிட் மட்டுமே. ஆடுநர் கடற்கரையில் மீன் பிடித்து அவருக்கு ஊட்ட வேண்டும். விரைந்து நீந்தும் மீன் நல்லது, மெல்ல நீந்துவது தீயது என்பதை விளையாட்டு வெளிப்படையாகச் சொல்வதில்லை. சிட் பிழைக்கலாம், இறக்கலாம். இறந்தால் செலெஸ் உயிர்விடத் துணிந்து குன்றிலிருந்து குதிக்கிறாள். உயிர் பிழைத்துக் கரையில் கிடக்கும் அவள், தன் அன்பனின் தலைத்துணி கட்டிய பறவையொன்றைக் கண்டு வாழ முடிவெடுக்கிறாள். பேரழிவுக்குப் பிந்தைய முதற்செயல் போராக இல்லாமல் ஒருவருக்கு உணவூட்டலாக அமைந்திருப்பது இவ்வகையில் அரிது.

அதன் பின்னர் நிகழ்வது இக்கட்டுரையின் கருதுகோளுக்கு மிக வலுவான சான்று. செலெஸ், எட்கர், செட்சர் ஆகிய மூவர் சேர்ந்து வான்கப்பல் கிடைத்தவுடனேயே, இறுதிப் பகைவன் கெஃப்காவின் கோபுரத்திற்குச் செல்ல விதி இடங்கொடுக்கிறது. மற்றவர்களைத் தேட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆயினும் ஆடுநர் தேடுகிறார். முற்பகுதியில் அவர்களுடன் கழித்த மணிநேரங்களே அத்தேடலுக்கான தூண்டுதல். வலிமை கூடும் என்னும் கணக்கும் அதில் கலந்துள்ளது. ஆனால் பாழ்பட்ட உலகில் ஒவ்வொருவராகக் கண்டெடுக்கும்போது கணக்கும் அன்பும் பிரித்தறிய முடியாதவாறு ஒன்றுகின்றன. 'நண்பரைத் தேடு' எனக் கதை ஆணையிட்டிருந்தால் அது கடமையாகியிருக்கும். ஆணையிடாததால் ஆடுநரின் அறமாகிறது.

திரும்பி வருதல்

ஹோரியும் 'ஃபைனல் ஃபேன்டசி'யைத் தோற்றுவித்த ஹிரோனோபு சகாகுச்சியும் தோரியாமாவும் இணைந்து பணியாற்றிய 'குரோனோ டிரிகர்', காலப்பயணத்தையே கதைக்கருவாகக் கொண்டது. அதன் தொடக்கத்தில் ஒரு திருவிழா வருகிறது. ஆடுநர் வழக்கம்போல் அலைகிறார். யாருடைய உணவையோ எடுத்து உண்கிறார். மோதி விழுந்த பெண்ணை நலம் வினவுமுன் அவள் பதக்கத்தை எடுக்கிறார். விளையாட்டுகளில் கிடைப்பதை எடுப்பது இயல்பு என்பதால் இவை குற்றமாகத் தோன்றுவதில்லை. பின்னர்த் தலைவன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது இச்செயல்கள் ஒவ்வொன்றாகச் சாட்சியமாக எழுகின்றன. தொலைந்த பூனையைச் சிறுமியிடம் சேர்த்திருந்தால் அதுவும் சொல்லப்படுகிறது. தீர்ப்பு எதுவாயினும் அவன் சிறை செல்வதே நிகழ்கிறது, கதைப்போக்கு மாறுவதில்லை. மாறுவது ஆடுநரின் தன்மதிப்பீடு. எண்ணாமல் கழித்த காலமும் எண்ணப்பட்டிருந்தது என்று அறியும் கணம் அது.

அதே விளையாட்டில் ரோபோ என்னும் இயந்திர மாந்தர், பாலையான நிலத்தைக் காடாக்க ஒப்புக்கொண்டு 600ஆம் ஆண்டில் தங்கிவிடுகிறார். வான்கலத்தில் 1000ஆம் ஆண்டுக்குச் செல்லும் நண்பர்களுக்கு அது ஒரு கணம். ரோபோவுக்கு 400 ஆண்டுகள். அன்றிரவு காட்டில் தீமூட்டி அமர்ந்தபின், தோழி லுக்கா தனியே தன் சிறுவயதுக்குச் செல்கிறாள். அங்கே தாய் லாராவின் ஆடை இயந்திரத்தில் சிக்குகிறது. தாயின் பெயரெழுத்துகளுக்கு ஒத்த பொத்தான்களை உரிய வேளையில் அழுத்தினால் இயந்திரம் நிற்கும். தவறினால் தாயின் கால்கள் முன்போலவே முடங்கும். ஆடுநரின் கை விரைய வேண்டிய அரிய தருணம் இது. தாயின் பெயரைக் கருத்தில் கொண்டிருந்தவரே அவளைக் காக்கிறார்.

'டிராகன் குவெஸ்ட் 5' விளையாட்டிலும் இத்தகைய மீள்வருகை உண்டு. சிறுவயதில் ஊர்க்கோயிலருகே அயலான் ஒருவன் சிறுவனிடமிருக்கும் பொன்னிறக் கோளத்தைக் காட்டச் சொல்லி, என்ன நேர்ந்தாலும் தளராதே என்று கூறிச் செல்கிறான். பல மணிநேர ஆட்டத்துக்குப் பின் ஆடுநரே அந்த அயலானாகக் கடந்தகாலத்துக்குள் நுழைகிறார். தந்தை உயிருடன் நிற்கிறார். அவரைக் காக்க வழியில்லை. அச்சிற்றூரின் இசையும் ஓவியமும் முன்பு கண்டவையே. மாறியிருப்பது அவற்றைக் காண்பவர் மட்டுமே.

மறுப்புகள்

இவ்வாதத்திற்கு எதிராகச் சொல்லத்தக்கவை உள்ளன. முதலாவது, காலத்தைச் செலவிட வைப்பதெல்லாம் கலையாகிவிடாது. அடிக்கடி குறுக்கிடும் போர்களும் நிலை உயர்த்துவதற்காகவே சுற்றிவரும் மணிநேரங்களும் பல இடங்களில் வெறும் சலிப்பே. இச்சலிப்பை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இங்கு எடுத்துக்கொண்ட படைப்புகள், தாம் கேட்ட காலத்துக்குக் கதையில் கணக்குச் சொல்கின்றன. அவ்வாறு சொல்லாத எண்ணற்ற பின்பற்றல்கள் மறைந்தன. காலம் கேட்பது இவ்வகை முழுமைக்கும் பொது. அதற்குப் பொருள் தருவதே செவ்வியல் படைப்பின் இலக்கணம்.

இரண்டாவது, இவ்விளையாட்டுகள் ஆடுநர்க்கு உண்மையான தேர்வுரிமை தருவதில்லை என்பர். ஏரித்தைக் காக்க முடியாது. பாபாஸைக் காக்க முடியாது. இவ்விமர்சனம் செய்தியளவில் சரி, மதிப்பீட்டளவில் பொருந்தாது. உழைக்கும் உரிமையை முழுதும் தந்து, விளைவை மாற்றும் உரிமையை மறுப்பதால் தோன்றும் இறுக்கமே இவற்றின் அவலச்சுவை.

மறுபதிப்பும் பாட வேறுபாடும்

'ஃபைனல் ஃபேன்டசி' தொடரின் முதல் ஆறு பகுதிகள் 2021 முதல் புதுக்கிய ஓவியங்களுடன் வெளிவந்தன. 2023இல் வெளியான வீட்டுக்கருவிப் பதிப்புகளில், எதிர்பாராப் போர்களை முற்றிலும் நிறுத்தவும் அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்கு வரை பெருக்கவும் வசதி சேர்க்கப்பட்டது. 2024இன் 'டிராகன் குவெஸ்ட் 3' போரின் வேகத்தைக் கூட்டும் வசதியைத் தருகிறது. 'ஃபைனல் ஃபேன்டசி 7' மறுவாக்கமோ எதிர்த்திசையில் செல்கிறது: மூலத்தில் தொடக்க மணிநேரங்களில் முடிந்துவிடும் மிட்கார் நகரப் பகுதியை 2020இல் ஒரு முழு விளையாட்டாகவே விரித்தது.

மூலபாடத்துக்கும் திருத்திய பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பிடுவது பதிப்பியலாளர்க்குப் புதிதன்று. இங்கு வேறுபடுவது சொல்லன்று, கால அளவு. போர்களை நிறுத்திவிட்டு 'ஃபைனல் ஃபேன்டசி 6' ஆடுபவர்க்கு ஒவ்வோர் உரையாடலும் குறைவின்றிக் கிடைக்கிறது. ஆனால் பாழுலகில் நண்பரைத் தேடத் தூண்டிய அந்த மணிநேரங்கள் கிடைப்பதில்லை. அவர் படிப்பது கதைச்சுருக்கத்துக்கு நெருங்கிய ஒன்று. நேரமும் உடல்வசதியும் குறைந்தவர்களுக்கு இவ்வசதிகள் வாயிலைத் திறக்கின்றன. ஆதலால் இவற்றைக் குறைகூறுவதற்கில்லை. ஆய்வாளர் எப்பதிப்பை, எவ்வமைப்பில் ஆடினார் என்பதைக் குறிப்பிட வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் பரிந்துரை. சுவடியின் பாடத்தைக் குறிப்பிடாமல் செய்யுளை ஆராய்வதில் உள்ள குறை இதிலும் உண்டு.

முடிவுரை

செவ்வியல் ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் ஈர்ப்பு, ஆடுநரின் காலத்தை வளர்ச்சியாகவும் இழப்பாகவும் தேடலாகவும் மீள்வருகையாகவும் மாற்றும் அமைப்பில் வேர்கொண்டுள்ளது. 64 கிலோபைட் பேழையின் வறுமையில் தோன்றிய இவ்வமைப்பு, பெரும் வட்டுகளின் வளத்திலும் தொடர்ந்தது. நினைவேக்கத்தை இதன் காரணமாகக் கொள்வதைவிட விளைவாகக் கொள்வதே பொருத்தம்: கழித்த காலத்துக்குப் பொருள் கொடுத்த படைப்பையே மனம் பின்னர் ஏங்கி நினைக்கிறது. தோரியாமாவும் சுகியாமாவும் மறைந்துவிட்ட இந்நாளில், அவர்கள் பங்கேற்ற படைப்புகள் பல வடிவங்களில் மறுபதிப்பாகி வருகின்றன. எழுத்தையும் ஓவியத்தையும் இசையையும் காப்பதோடு பணி முடிவதில்லை. மூலம் ஆடுநரிடம் எவ்வளவு காலத்தைக் கேட்டது, அதற்கு ஈடாக எதைத் தந்தது என்னும் பதிவும் காக்கப்பட வேண்டும்.